படைப்புக்கு முன்னால் என்ன?

உலகத்தைப் படைப்பதற்கு முன்னால் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்? கிறிஸ்தவர்களை மடக்க, மானி என்பவரைப் பின்பற்றிய மானி மதத்தார் அன்று கேட்ட கேள்வி இது. "இப்படித் துருவித் துருவிக் கேட்பவர்களுக்கு நரகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்" என்று ஒருவர் கிண்டலாகச் சொல்லி நழுவினாராம். இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தினாருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இளமையில் அவரே மானி மதத்தில் இருந்தவர். கேள்வியின் கூர்மை தெரியாதா என்ன?

கி.பி. 400-ஐ ஒட்டி, தம் வாழ்க்கையை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலின் 11-ஆம் பகுதியில் அவர் பதில் சொல்கிறார். குயவருக்கு மண் வேண்டும். கடவுளுக்கோ எந்த மூலப்பொருளும் தேவைப்படவில்லை. அவர் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார். அப்படிப் படைத்தவற்றில் காலமும் ஒன்று. காலமே இல்லாதபோது 'முன்னால்' எங்கிருந்து வரும்? நேற்றும் நாளையும் நமக்குத்தான். கடவுளுக்கு எப்போதும் இன்றுதான்.

நூலின் கடைசி மூன்று பகுதிகளும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் தொடக்க வசனங்களை ஆராய்வதிலேயே போகின்றன. சுயசரிதை என்று நம்பிப் புரட்டுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் திணறத்தான் செய்வார்கள்.