வலி இடுப்பில், ஆபத்து கழுத்தில்

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பிலும் வயலிலும் உழைத்து அறுபதைக் கடந்தவர்கள், கொஞ்ச தூரம் நடந்தாலே கால் மரத்துப்போகிறது என்பார்கள். குனிந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். சைக்கிள் மிதித்தால் வலியே இருக்காது. இடுப்பில் முதுகெலும்புக் கால்வாய் சுருங்கியதன் அடையாளம் இது. குனியும்போது கால்வாய் சற்று விரிவதால்தான் அந்த நிம்மதி. நெதர்லாந்து மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954இல் இந்நோயைத் தெளிவாக விவரித்தார்.

அதே ஆளிடம் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. சட்டைப் பொத்தான் போட வருகிறதா? சில்லறை எண்ண முடிகிறதா? செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா? அப்படியென்றால் கழுத்திலும் நெருக்கடி இருக்கலாம். டிஸ்க் தேய்வதும் எலும்பு முளைப்பதும் தசைநார் தடிப்பதும் ஓரிடத்தோடு நிற்பதில்லை.

இரண்டு இடமும் ஒன்றல்ல. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள். அவை ஓரளவு அழுத்தம் தாங்கும். கழுத்தில் நசுங்குவதோ தண்டுவடமே. அது மீள்வது கடினம்.

முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சோதனையும் இங்கே ஏமாற்றக்கூடும். கழுத்தில் நெருக்கினால் கால் வெடுக்கென உதறும்; இடுப்பில் நெருக்கினால் அசைவு மங்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை மற்றொன்று மறைத்துவிடும். இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கழுத்துக் கோளாறு கண்ணில் படாது.

தண்டுவடம் நசுங்கியிருந்தால் பெரும்பாலும் கழுத்துக்கே முதல் அறுவை. இடுப்பு அறுவைக்காக மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்கான குழாய் செருகும்போது தலையைப் பின்னே சாய்ப்பார்கள். பிறகு குப்புறப் படுக்க வைப்பார்கள். ஏற்கெனவே நசுங்கிய தண்டுவடத்துக்கு இரண்டுமே ஆபத்து. கழுத்தில் முன்பக்கமாகச் சென்று டிஸ்க்கை அகற்றி எலும்புகளை இணைக்கலாம். பின்பக்க எலும்பைக் கதவுபோல் ஒருபுறம் திறந்து வைக்கும் லேமினோபிளாஸ்டியும் உண்டு. இடுப்பில் நெருக்கும் பின்பக்க எலும்பை நீக்குவது லேமினெக்டமி. உடல் தாங்குமென்றால் இரண்டையும் ஒரே நாளில் முடிப்பதுண்டு. முதியவர்களுக்கு இடைவெளி விடுவதே வழக்கம். கழுத்து சரியானதும் கால் தொல்லை குறைந்து, இரண்டாவது அறுவை தேவைப்படாமல் போனவர்களும் உண்டு.

இத்தகைய அறுவைகளைச் செய்யும் நரம்பு அறுவைத் துறை தமிழ்நாட்டில் வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியாலும், சென்னையில் 1950இல் பி. ராமமூர்த்தியாலும் தொடங்கப்பட்டது. இன்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அத்துறை இருக்கிறது.

அறுவை நோய் முற்றுவதைத் தடுக்கும். இழந்த பலம் முழுதும் திரும்பும் என்ற உறுதி இல்லை. எனவே இடுப்பு வலிக்காகப் போகிறவர் விரல்களின் தடுமாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எந்த அறுவை முதலில் என்பதே அதனால் மாறலாம்.