மலையில் இப்போ எத்தனை பேர்?

2019-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பதிவான உள்நாட்டுச் சுற்றுலா வருகை 49 கோடிக்கும் மேல். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்கு இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி நம்ம மாநிலத்தின் மொத்த ஜனமே 7.21 கோடிதான். அப்போ இந்தியாவில் மூணில் ஒருத்தர் அந்த வருஷம் மூட்டை கட்டிக்கிட்டு இங்கே வந்தாங்களா?

இல்லீங்க. அது 'வருகை'களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. மதுரையில் ஒரு ராத்திரி, ராமேஸ்வரத்தில் ஒரு ராத்திரி, கன்னியாகுமரியில் ஒரு ராத்திரி தங்கினால், ஒரே ஆள் மூணு வருகையாகப் பதிவாகலாம். பெரும்பாலும் லாட்ஜ், ஹோட்டல் தரும் விவரங்களிலிருந்து தொகுக்கிற கணக்கு என்பதால், காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிறவர்களும், மாமா வீட்டில் தங்குகிறவர்களும் இதில் சரியாக விழுவது கஷ்டம். மாநிலத்துக்கு மாநிலம் கணக்கெடுக்கிற முறையும் வேற. போன வருஷத்தோடு ஒப்பிட்டு ஏறுதா இறங்குதான்னு பார்க்க இந்த எண் உதவும். ஆனால் ஒரு மலைப்பாதையில் இன்னும் எத்தனை வண்டி தாங்கும் என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

அந்தக் கேள்வி இப்போ நீதிமன்றம் வரைக்கும் போயாச்சு. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. சீசன் நாட்களில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 வண்டிகள் வருவதாக அரசுத் தரப்பு சொன்ன கணக்குதான் இதுக்குக் காரணம். முதல் வருஷம் உச்சவரம்பு எதுவும் இல்லை; எத்தனை பேர் வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் பாஸ். 2025 மார்ச்சில் வரம்பு வந்தது. அந்த வருஷக் கோடைக்கு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு. ஏப்ரல் தொடக்கத்தில் நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு செஞ்சாங்க. சாக்லேட் கடை, டாக்ஸி, காட்டேஜ் என்று சீசனை நம்பி வருஷம் ஓட்டுகிறவர்களுக்கு 6,000 என்பது வெறும் எண் இல்லை. ஆக, அந்த எண் எதை அளக்குது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும்.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரில் லிட்டில் விதி படிச்சிருப்பீங்க. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. ஓர் இடத்தில் சராசரியாக இருக்கிறவர்களின் எண்ணிக்கை என்பது, உள்ளே வருகிற வேகத்தைச் சராசரியாகத் தங்குகிற நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. அவ்ளோதான். பரீட்சைக்கு வங்கி கவுன்டரை வெச்சுப் போடுற கணக்கை மலைக்குப் போட்டுப் பாருங்க. தினமும் 6,000 வண்டி ஏறுது. எல்லோரும் காலையில் வந்து 12 மணி நேரத்தில் இறங்கிடுறாங்கன்னா, சராசரியாக மலை மேல் இருப்பது 3,000 வண்டி. அதே 6,000 வண்டியும் இரண்டு நாள் தங்கினால் 12,000. வரம்பு ஒண்ணுதான், மலை சுமப்பது நாலு மடங்கு வித்தியாசம்.

இதில் எந்த எண் முக்கியம்? கேள்வியைப் பொறுத்தது. கல்லாறு – குன்னூர் பாதையில் நெரிசல், பிரேக் பிடித்துச் சூடாகி ஓரமாக நிற்கும் வண்டிகள், யானை ரோட்டைக் கடக்க முடியாமல் நிற்பது, இதெல்லாம் வருகிற வேகத்தைச் சார்ந்தது. தண்ணீர், குப்பை, பார்க்கிங் மூணும் ஒரே சமயத்தில் எத்தனை பேர் இருக்காங்க என்பதைச் சார்ந்தது. 'அடிக்கடி போகாதீங்க, போனால் நிறைய நாள் தங்குங்க' என்பது நிலைத்த சுற்றுலாக்காரர்கள் வழக்கமாகத் தரும் அறிவுரை. ரோட்டுக்கு அது நல்லது. மே மாதம் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கிற தெருவுக்கு அது அவ்வளவு நல்லதா என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொண்ணு. வரம்பு வண்டிக்கு. இரண்டு பேர் வருகிற காரும் ஒண்ணு, பன்னிரண்டு பேர் வருகிற வேனும் ஒண்ணு. ரோட்டுக்கு இது ஓரளவு சரி, தண்ணீருக்குச் சரியில்லை. பாஸ் எடுத்தவர் எல்லாரும் வந்தார்களா என்பதும் தனிக் கேள்வி. பாஸ் என்பது வரப்போகிறேன் என்ற எண்ணம்தான். வந்ததுக்குச் சாட்சி செக்போஸ்ட்.

இப்போ டேட்டா பக்கம் வருவோம். இ-பாஸுக்கு விண்ணப்பிக்கும்போது பெயர், முகவரி, கைபேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எங்கே தங்கல் என்று கேட்பாங்க. தனித்தனியாக இதில் ரகசியம் எதுவும் இல்லை. சேர்த்து வெச்சுப் பாருங்க: இந்த முகவரியில் உள்ள வீடு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பூட்டியிருக்கும். இந்த லிஸ்ட் தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, தங்குகிற நேரம் தெரியணும்னா ஒரு வண்டி ஏறினதையும் இறங்கினதையும் அதன் எண்ணை வெச்சுப் பொருத்தித்தானே ஆகணும்? வேண்டாம். லிட்டில் விதியின் அழகே இங்கேதான். செக்போஸ்டில் ஏறினது எத்தனை, இறங்கினது எத்தனை என்று மணிக்கு மணி கூட்டிக்கிட்டே போங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த நேரத்தில் மலை மேல் இருப்பது. ஒரு வாரத்துக்கு அதன் சராசரியை எடுத்து, வருகிற வேகத்தால் வகுத்தால் சராசரித் தங்கல் நேரம் கிடைச்சிடும். யார் வண்டி என்ற கேள்வியே எழவில்லை. கையில் கிளிக்கர் வெச்சுக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்தாலே போதும்!

நடைமுறையில் சிக்கல் உண்டு. கல்லாறு, குஞ்சப்பனை, கூடலூர் பக்கம் என்று எல்லா வாசலிலும் எண்ணணும். உள்ளூர் வண்டிகளும் ஏறி இறங்கும். இறங்குகிற நூறு வண்டியில் ஒண்ணை விட்டுட்டால்கூட, தினம் 6,000 என்றால் பத்து நாளில் 600 வண்டி இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டும். அதனால் அப்பப்போ பார்க்கிங், லாட்ஜ் வாசலில் இரவு நேரத்தில் நேரடியாக எண்ணி மீட்டரைத் திருத்தணும். இது எல்லா சென்சாருக்கும் உள்ள பிரச்சினைதான்.

பெயரே இல்லாமல் அளக்க முடியும் என்பதுக்கு நீலகிரியிலேயே இன்னொரு உதாரணம் இருக்கு. டாஸ்மாக் பாட்டில். 2022-இல் அங்கே தொடங்கின திட்டத்தில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர்றாங்க. விற்றது எத்தனை, திரும்பினது எத்தனை, காட்டுக்குள் போனது எத்தனை என்று கணக்கு கிடைச்சிடுது. குடிச்சது யார் என்று யாரும் கேட்கலை.

அதுக்காக போன் நம்பரே கேட்கக்கூடாது என்று சொல்லலை. ஒரே ஆள் பத்து பாஸ் எடுப்பதைத் தடுக்கணும்; மழையில் மண் சரிந்தால் மெசேஜ் அனுப்பணும். நியாயமான காரணங்கள். ஆனால் இரண்டு காரணமும் பயணம் முடிந்த அன்றைக்கு முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் அந்த வரிசைகளை அழிச்சிட்டு எண்ணிக்கையை மட்டும் வெச்சுக்கலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிவிவரத் தேவைக்கு விலக்கு தருது. ஆனால் அந்தத் தரவை வெச்சு ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றி முடிவெடுக்கக்கூடாது என்பது நிபந்தனை.

'அழிக்க வேண்டாம், வண்டி எண்ணை ஹேஷ் பண்ணி வெச்சுக்கலாமே' என்று நம்ம கிளாஸில் ஒருத்தராவது சொல்வாங்க. நியூயார்க் நகரம் இதைத்தான் செஞ்சது. 2013-ஆம் ஆண்டின் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்ஸிப் பயணங்களின் விவரம் 2014-இல் வெளியே வந்தபோது, டாக்ஸி எண்களை எம்டி5 போட்டு மறைச்சிருந்தாங்க. டாக்ஸி எண்ணுக்கு ஒரு குறிப்பிட்ட வடிவம் உண்டு. சாத்தியமான எல்லா எண்களையும் ஹேஷ் பண்ணி ஒப்பிட்டால் முடிஞ்சது. சீக்கிரமே மொத்தமும் அவிழ்ந்திடுச்சு. நம்ம ஊர்க் கணக்கு போடுங்க: டிஎன் 01 முதல் 99 வரை, இரண்டு எழுத்து என்றால் 676 சேர்க்கை, நாலு இலக்கம். எல்லாம் பெருக்கினால் சுமார் 67 கோடி. ஹாஸ்டலில் கேம் விளையாடுற லேப்டாப்புக்கு இது சில நிமிட வேலை.

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு 'சுற்றுலாத் தலத்தில் நம்பர் பிளேட் கேமரா' என்று தலைப்பு கொடுக்க நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. ராஸ்பெரி பை-யில் யோலோ ஓடவிட்டு, கார், வேன், பைக், பஸ் என்று வகை பிரிச்சு, ஒரு கோட்டைத் தாண்டும்போது எண்ணினால் போதும். படத்தை மெமரியிலேயே தூக்கிப் போடுங்க. வெளியே போக வேண்டியது மணிக்கு ஒரு வரி, அதில் எட்டு எண். நாலு வகை ஏறினது, நாலு வகை இறங்கினது. ஒரு வருஷ டேட்டா ஒரு எம்பி-க்குள் அடங்கிடும்.