வெள்ளைக் குதிரையும் எனாமல் பெயிண்டும்

லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் பிரெட்ரிக் பர்னபி என்ற குதிரைப்படை கேப்டனின் ஓவியம் இருக்கிறது. சோபாவில் சாய்ந்து, கையில் சிகரெட்டோடு, நீண்ட காலை நீட்டியிருக்கும் அவரை 1870-இல் வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஜேம்ஸ் டிஸ்ஸோ. 1885-இல் சூடான் போர்க்களத்தில் பர்னபி இறந்தார். படத்துக்கு வயது 150-க்கு மேல். வரைந்தவர் யார், எந்த ஆண்டு என்பதெல்லாம் இன்றும் பதிவில் இருக்கின்றன.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் ஒரு குதிரைத் தளபதி உண்டு. மதுரை வீரன். வெள்ளைக் குதிரை, முறுக்கிய மீசை, ஓங்கிய வாள், இரு புறமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். காசி ராஜாவுக்கு மாலை சுற்றிப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் என்கிறது கதை. ராஜ வம்சம் பிற்காலத்து ஒட்டு என்று வாதிடுவோரும் உண்டு. திருமலை நாயக்கருக்காகக் கள்வரை அடக்கியவன், அதே நாயக்கரின் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவனைக் கூலிக்கு வந்த சனம் தன் காவலாக வைத்துக்கொண்டதில் எனக்கு வியப்பே இல்லை. இருட்டு விலகுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்களுக்கு எல்லையில் அவன் நிற்க வேண்டியிருந்தது.

கல்லில் வடிக்கக் காசில்லாத இடத்தில் தகரத்திலும் பலகையிலும் சுவரிலும் எனாமல் பெயிண்டால் அவனை எழுதினார்கள். பெயர்ப்பலகை எழுதத் தெரிந்த கை போதும். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ படம் வந்தபின் சனங்கள் மனத்தில் அவனுக்கு அந்த முகமும் சேர்ந்துகொண்டது. சுருட்டும் சாராயமும் படைத்து, ஆண்டுக்கொருமுறை கெடா வெட்டி, மீசைக்கு மறுபடி கறுப்பு பூசினார்கள். இதைவிட நெருக்கமாக வாழ்ந்த உருவப்படம் எந்தக் காட்சியகத்திலும் கிடையாது.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் அதுவும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. கோயில் வேறு நிலத்துக்கு நகர்ந்தால் சிமெண்டுக் கோபுரமும் தமிழ்நாட்டுக் கற்சிலையும் வருகின்றன, கும்பாபிஷேகம் நடக்கிறது. பழைய தகரப் படம் ஆற்றோடு போகிறது. மழையும் கறையானும் அரித்ததை எத்தனை நாள் வைத்திருப்பது என்று நிர்வாகக் குழுவினர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆற்றில் விடுமுன் ஒரு புகைப்படம் எடுக்க என்ன தடை? தோட்டம் என்ற ஒன்று அங்கே இருந்ததற்கு, வெட்டுக்காரன் கையாலேயே எழுதப்பட்ட சாட்சி அது. நிலப் பதிவேட்டில் துரைமார் பெயரும் கம்பெனிக் கணக்கும் கிடைக்கும். இந்தக் கை கிடைக்காது.

ஆடித் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் கைப்பேசியை வீரன் பக்கமும் திருப்ப வேண்டும். தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், கடைசியாகப் பெயிண்ட் அடித்தவர் யார் என்று அங்கிருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு, படத்தோடு எழுதி வையுங்கள். பதில் சொல்லக் கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.