தீக்குப் பின் பூக்கும் செடிகள் (கலிபோர்னியா)

காட்டுத்தீ எரித்துச் சென்ற நிலத்தில் மட்டும், அல்லது அங்கு மிகுதியாக, முளைத்துப் பூக்கும் செடிகள் தெற்குக் கலிபோர்னியாவின் கடலோர மலைகளில் பல உள்ளன. ஃபயர் பாப்பி என்னும் கசகசா இனப் பூ, மணி வடிவப் பூக்களைக் கொண்ட விஸ்பரிங் பெல்ஸ், ஃபசீலியா ஆகியவை அவற்றுள் சில.

இம்மலைகளை மூடியிருப்பது சாப்பரல் எனப்படும் அடர்ந்த புதர்க்காடு. புதர்கள் ஓங்கியிருக்கும் காலத்தில் இச்செடிகள் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. விதைகள் மட்டும் பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். வெப்பமே எல்லா விதைகளையும் எழுப்புகிறது என்று எண்ணுவது சரியன்று. சியனோத்தஸ் புதரின் கடினமான விதைத்தோலைத் திறப்பது வெப்பம். விஸ்பரிங் பெல்ஸ் விதைகளை எழுப்புவதோ புகை. புகையிலுள்ள நைட்ரஜன் டைஆக்சைடு வாயுவே அதற்குப் போதும் என 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புதர்கள் எரிந்துபோனதால் கிடைக்கும் வெயிலும் சாம்பலின் சத்தும் செடிகளை வளர்க்கின்றன. சில ஆண்டுகளில் புதர்கள் மீண்டும் தழைக்க, பூக்கள் மறைந்துவிடும்.

2018 நவம்பரில் ஊல்ஸி தீ, சாந்தா மோனிக்கா மலைப்பகுதியில் ஏறத்தாழ 97,000 ஏக்கரை எரித்தது. மூவர் இறந்தனர், 1,600க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. குளிர்கால மழை நன்றாகப் பெய்யவே, 2019 வசந்தத்தில் அதே சரிவுகள் பூத்துக் குலுங்கின.

ஆனால் பூக்களைக் கொண்டுவரும் மழைதான் அங்கு வாழ்வோர் அஞ்சும் மழையும். வேர்ப்பிடிப்பு இழந்த சரிவில் கனமழை பெய்தால் சேறும் பாறையும் சேர்ந்து இறங்கும். 2017 டிசம்பரில் தொடங்கிய தாமஸ் தீ முழுமையாக அணையும் முன்பே, 2018 ஜனவரி 9 அன்று மான்டசீட்டோ ஊரில் சேற்றுப் பெருக்கு இறங்கி 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தீயில் தப்பிய வீடுகள் சேற்றில் போயின.

தீ இயல்பானது என்றால் கவலை எதற்கு? இடைவெளிதான் சிக்கல். சாப்பரல் காட்டில் இரு தீகளுக்கு இடையே 30 ஆண்டுகளாவது கழிய வேண்டும். விதையால் மட்டுமே பெருகும் புதர்கள், போதிய விதை சேரும் முன்பே மறுபடி எரிந்தால் அவ்விடத்தில் அற்றுப்போகும். அந்த இடத்தைப் பிடிப்பவை மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்த புற்கள். இவை கோடை தொடங்கும் முன்பே காய்ந்து, எளிதில் தீப்பிடித்து, அடுத்த தீயை விரைவுபடுத்துகின்றன. இங்கு தீ மூள்வது பெரும்பாலும் மனிதரால்தான்: மின்கம்பிகள், வாகனங்கள், கவனக்குறைவு. பருவநிலை மாற்றம் வறட்சியைக் கூட்டுகிறது. இலையுதிர்கால மழை தாமதமானால், பாலைப்பக்கமிருந்து வீசும் சாந்தா ஆனா காற்று காய்ந்த புதர்களின் மீதே வந்து இறங்குகிறது.

இம்மலையடிவாரங்களில் வீடுகளை எரிப்பது பெரும்பாலும் தீச்சுவர் அன்று, காற்றில் முன்கூட்டியே பறந்து வரும் தணல். எனவே சுவரை ஒட்டிய 5 அடியில் எரியக்கூடிய எதையும் வைக்காமல், காற்றுத்துளைகளுக்கு நுண்வலை அடிக்குமாறு அறிவுறுத்துகிறார்கள். சன்னலோரப் பூச்செடியும் இந்த 5 அடிக்குள்தான் வருகிறது.