வெள்ளத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குக் கிட்ட பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். அங்கே தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கல் குவியல்தான் வேலி. "கடல் ஏறுறதுக்கும் பாதுகாப்புச் சபைக்கும் என்ன சம்பந்தம், அண்ணை?" என்றான் தம்பி.

ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இந்தப் பேச்சை 2007 ஏப்ரலில் முதலில் எடுத்தது பிரித்தானியா. தண்ணீர் வற்றினால் சனம் இடம்பெயரும். போன இடத்தில் மேய்ச்சலுக்கும் வயலுக்கும் அடிபாடு வரும். ஆயுதக்காரனுக்கு ஆள் சேர்ப்பது சுகமாகிவிடும். சாட் ஏரிப் பகுதி குலைந்ததில் காலநிலைக்கும் பங்குண்டென்று 2017இல் சபையே ஒரு தீர்மானத்தில் ஒத்துக்கொண்டது.

2021 டிசம்பர் 13இல் அயர்லாந்தும் நைஜரும் காலநிலையைப் பாதுகாப்போடு இணைக்கும் பொதுவான தீர்மான வரைவொன்றைக் கொண்டுவந்தன. 15 நாடுகளில் 12 ஆதரவு. ரஷ்யா வீட்டோ போட்டது, சீனா ஒதுங்கிக்கொண்டது, இந்தியா எதிர்த்தது. எதிர்வாக்குக்கு விளக்கம் சொன்னவர் டி.எஸ். திருமூர்த்தி: எல்லா நாடும் இருந்து பேசும் காலநிலை மாநாடு இருக்க, இந்தச் சபைக்கு ஏன் கொண்டுபோகவேண்டும்?

"அது சாட்டுத்தானே?"

பாதி சாட்டுத்தான். அந்த வரைவு படை அனுப்பச் சொல்லவில்லை. முக்கியமாகக் கேட்டது செயலாளர் நாயகத்திடம் ஒரு அறிக்கை. ஆனால் மற்றப் பாதி நியாயம். வீட்டோ உள்ள ஐவரில் அமெரிக்காவும் சீனாவும் ரஷ்யாவும் இருக்கின்றன. அதிகம் புகைவிடுகிறவர்களே நீதவான்களாக இருந்தால் வழக்கு எப்படிப் போகும்?

பாதுகாப்பு என்று பெயர் வைத்தால் என்னவெல்லாம் கூடவரும் என்பது எங்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005இலிருந்தே இருக்கிறது. ஆனாலும் அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ். 1958, 1983 இனக்கலவரங்கள் நினைவிருப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதேநேரம், வெள்ளத்தில் நின்றவர்களைத் தூக்கியதும் படையினரின் ஹெலிகொப்டர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அப்ப யாரைத்தான் கூப்பிடுறது?"

ஹெலிகொப்டருக்குப் படையைக் கூப்பிடலாம். அதற்குப் பிறகுதான் சிக்கல். மலையகத்தில் மண் சரியப்போகிறதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடும். தோட்ட லயத்தில் இருப்பவர் எழும்பிப் போய்க் குடியிருக்கக் காணி வேண்டும். அந்தக் காணியோ பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகையில் கிடக்கிறது.