பின்னோக்கிப் போகாத போன்

2018 பிப்ரவரியில் ரெட்மி நோட் 5 ப்ரோ இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 13,999 ரூபாய். அதே ஆண்டின் நடுவில் அந்தப் போன்களில் சில திடீரென்று செத்துப்போயின. கீழே விழவில்லை, தண்ணீரும் படவில்லை. புது மென்பொருள் பிடிக்காமல் பழைய பதிப்பை ஏற்றிப் பார்த்தவர்களின் போன்கள் அவை.

ரெட்மியைத் தயாரிக்கும் ஷாவ்மி அப்போது கொண்டுவந்த 'ஆன்டி ரோல்பேக்' காவல்தான் காரணம். பவர் பட்டனை அழுத்தியதும் ஆண்ட்ராய்டுக்கு முன்பே விழித்து, அதைச் சரிபார்த்து எழுப்பும் நிரல் பூட்லோடர். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு எண் உண்டு. போன் தான் கண்ட பெரிய எண்ணைக் குறித்துவைத்துக்கொள்கிறது. அதைவிடச் சிறிய எண்ணோடு பூட்லோடர் வந்தால் இயங்க மறுக்கிறது. ஓட்டையுள்ள பழைய பதிப்பை ஏற்றித் திருடன் உள்ளே நுழையக்கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால், அந்தக் காவலுக்குத் திருடனும் ஒன்று, சொந்தக்காரரும் ஒன்று. மாட்டிக்கொண்ட ரெட்மிக்கு மறுபடி உயிர் கொடுக்க நிறுவனத்தின் அனுமதி பெற்ற கணக்கு தேவைப்பட்டது. பெரும்பாலானோருக்குச் சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. ஷாவ்மி போனை, ஆண்ட்ராய்டு எழாமல் பூட்லோடரிலேயே நிற்கும் ஃபாஸ்ட்பூட் நிலையில் கணினியோடு இணைத்து, அதன் எண் என்ன என்று ஒரே கட்டளையில் கேட்டுவிடலாம். ஏற்றப்போகும் கோப்பின் எண் அதைவிடச் சிறியதா? அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மீடியாடெக் சிப் உள்ள மலிவுப் போன்களில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அவற்றில் மென்பொருளை ஏற்ற உதவும் எஸ்.பி. ஃப்ளாஷ் டூலில் 'டவுன்லோட் ஒன்லி' என்றும் 'ஃபார்மேட் ஆல்' என்றும் தேர்வுகள் உண்டு. அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால் என்வி ராம் பகுதியும் அழிந்து, போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் காணாமல் போகும். சிம் போட்டாலும் அழைப்பு வராது. அதற்காக வேறொரு எண்ணை எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. ஐ.எம்.இ.ஐ.யை மாற்றுவது இந்தியாவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

அதே டூலில், போனை முதலில் எழுப்பும் நிரலான 'ப்ரீலோடர்' என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கும். அவசியமில்லாமல் அதில் டிக் போடாதிருப்பதே புத்திசாலித்தனம். மற்ற பகுதிகள் கெட்டால் மறுபடி ஏற்றலாம். இது தவறினால் போனைக் கணினியின் கண்ணில் படவைப்பதே பெரும்பாடு.

மலிவு டேப்லெட்டுகள் இன்னும் மோசம். பெட்டியில் ஒரே மாடல் பெயர் இருக்கும், உள்ளே போர்டு வேறாக இருக்கும். பின்மூடியைக் கழற்றி, போர்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத்தான் கோப்பைத் தேட வேண்டும். பெயரை மட்டும் நம்பி ஏற்றினால் திரை வெளுத்துப்போகலாம், தொடுதிரை தலைகீழாக வேலைசெய்யலாம்.

பூட்லோடரின் பூட்டைத் திறந்தாலே போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் படங்களை முன்பே நகலெடுத்துவிடுங்கள். பாதிப் பேட்டரிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். மின்சாரம் போனாலும் அணையாத லேப்டாப் நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால் *#06# அழுத்தி, திரையில் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.