மூக்கின் வழியே – 9: கிராம்பும் வேர்க்கும் கையும்

பிரியாணிக்குத் தாளிக்கும்போது எழும் கிராம்பு வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. அதே வாசனை பல் டாக்டரின் அறையில் வந்தால் சிலருக்கு அடிவயிறு கலங்குகிறது. இரண்டு இடத்திலும் மணப்பது யூஜினால்தான். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி அதுவே. வலியை மரத்துப்போகச் செய்யும் குணம் அதற்கு உண்டு. வீட்டில் பஞ்சைக் கிராம்புத் தைலத்தில் நனைத்துப் பல்லில் வைப்பதும், டாக்டர் யூஜினாலை ஜிங்க் ஆக்ஸைடு பொடியோடு குழைத்துச் சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைப்பதும் அதனால்தான்.

பிரான்ஸின் லியோன் நகரில் 1990களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வுக்குழு, பல் சிகிச்சைக்கு அஞ்சுகிறவர்கள், அஞ்சாதவர்கள் என இரு தரப்பையும் அழைத்து யூஜினாலை முகரக் கொடுத்தது. பிடித்திருக்கிறதா என்று கேட்டதோடு விடவில்லை. தோலின் மின்னழுத்தம், மின்தடை, தோலின் வெப்பம், அதனடியில் ஓடும் ரத்தம், மூச்சு, இதயத் துடிப்பு என ஆறு அளவுகளை எடுத்தார்கள். அஞ்சாதவர்கள் ‘நல்ல வாசனை’ என்றார்கள். அவர்கள் உடம்பின் பதிவுகளும் மகிழ்ச்சி, வியப்பின் பக்கமே சாய்ந்தன. அஞ்சியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பதிவுகள் பயம், கோபம், அருவருப்பு என்று காட்டின. புட்டியில் இருந்தது ஒரே திரவம்.

இதில் தோலின் மின்தடையை எப்படி அளக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். விரல்களில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, உணரவே முடியாத அளவு மின்சாரத்தைச் செலுத்துவார்கள். மனம் சலனப்பட்டால் உள்ளங்கையின் வியர்வைச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும்படி வேர்க்க வேண்டியதில்லை. சுரப்பியின் குழாயில் லேசாக ஈரம் ஏறினாலே போதும், மின்தடை இறங்கிவிடும். வாசனை பட்ட ஒன்றிரண்டு விநாடியிலேயே கோடு அசையத் தொடங்கும். மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையைத் தாண்டித்தான் போகவேண்டும். வாசனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உணர்ச்சியோடு நெருங்கிய தொடர்புள்ள அமிக்டலாவுக்கு அது நேரே போய்விடுகிறது.

ஆனால் உள்ளங்கை ஒன்றை மட்டுமே சொல்லும்: மனம் எவ்வளவு கிளர்ந்தது என்பதை. பயத்திலும் வேர்க்கும், பரவசத்திலும் வேர்க்கும். லியோன் குழு ஆறு அளவுகளையும் சேர்த்துப் படித்ததற்குக் காரணம் இதுதான். அப்படிப் படித்தாலும், இந்தப் பதிவு கோபம், இந்தப் பதிவு அருவருப்பு என்று துல்லியமாகப் பெயர் சூட்டுவது அதிகப்படி என்றே எனக்குத் தோன்றுகிறது. இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாட்டை நம்புகிறேன். ஒட்டிய பெயர்களை அவ்வளவு நம்பவில்லை. கருவி எத்தனை இருந்தாலும் ஆளையும் கேட்டாக வேண்டும்.

கேட்பதிலும் சிக்கல் உண்டு. ஐசோவலரிக் அமிலத்துக்குப் பழைய பாலாடைக்கட்டியின் நெடி. அழுக்குச் சாக்ஸின் நெடியும் அதுதான். 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாலாடைக்கட்டிச் சுவையூட்டி கலந்த அந்த அமிலத்தை முகரக் கொடுத்தபடி, ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஒருமுறை ‘செடார் சீஸ்’ என்றும் மறுமுறை ‘உடல் நாற்றம்’ என்றும் எழுத்தில் காட்டினார்கள். சீஸ் என்றபோது அதே வாசனைக்குக் கூடுதல் மதிப்பெண் விழுந்தது. நெற்றிக்குப் பின்னால், இனிமையை எடைபோடும் மூளைப் பகுதியும் கூடுதலாகச் செயல்பட்டது. வாய் சொன்ன மதிப்பெண் மட்டுமல்ல, மூளையின் பதிவே ஒரு சொல்லால் மாறிவிட்டது.

ஆகவே ‘இந்த எண்ணெயை முகர்ந்தால் மன அமைதி உறுதி’ என்று அச்சிட்ட புட்டியை வாங்கும் முன் யோசியுங்கள். அமைதி முகர்கிறவரின் பழைய அனுபவத்தைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் யாராவது பல் ஆஸ்பத்திரி வாசலிலேயே தயங்கி நின்றால், “வாசனைக்கெல்லாமா பயப்படுவாய்?” என்று அதட்டாதீர்கள். அந்தக் கை வேர்ப்பது அவர் கையில் இல்லை. பயத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கருவில் இருக்கும்போதே தாய் உண்ட உணவின் வாசனையைக் குழந்தை பழகிக்கொள்வதை அடுத்த வாரம் பார்ப்போம்.